பச்சையா, சிவப்பா, நீலமா?

கார்த்திகைத் தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் இரண்டு கூட்டம் சேரும். மலையைப் பார்க்க வருகிற கூட்டம் ஒன்று. மாட்டைப் பார்க்க வருகிற கூட்டம் மற்றொன்று. தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு வருகிற குடியானவரைக் கொஞ்சம் கவனியுங்கள். கொம்பில் பூசிய வர்ணத்தைக் கண்டு அவர் மயங்குவதில்லை. கழுத்துச் சலங்கைக்குக் காசு கொடுப்பதில்லை. நேரே வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா? சுழி பார்க்கிறார். நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். அப்புறந்தான் தரகர் துண்டைப் போர்த்து விரலைப் பிடிக்க முடியும். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பார்க்காமல் விடலாமா?

இவ்வளவு விவரம் தெரிந்த மனிதரின் வீட்டில், காலேஜில் படிக்கும் பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சாப்பிடும்போது அவன் மெதுவாக ஆரம்பிக்கிறான்.

"அப்பா, முப்பதாயிரம் ரூபாய் வேணும்."

"எதுக்குடா?"

"கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்."

"அது என்ன பண்ணும்?"

"கம்ப்யூட்டரிலே படம் நல்லாத் தெரியும்ப்பா."

"இப்ப மட்டும் தெரியலையா?"

இந்த இடத்தில் அம்மா குறுக்கிடுகிறாள். "படிக்கிற பிள்ளை கேட்கிறான். இதுக்குக் கூடவா கணக்குப் பார்க்கிறது?" என்கிறாள். அவ்வளவுதான். சங்கிலி அடகுக்குப் போகிறது. பணம் கை மாறுகிறது. பெட்டி வீட்டுக்கு வருகிறது. பல்லும் பார்க்கவில்லை, சுழியும் பார்க்கவில்லை!

அருணை, எஸ்.கே.பி. என்று பொறியியல் கல்லூரிகள் உள்ள ஊர் இது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஸ்டூடியோக்காரர்களும் நிறைந்த ஊர். ஆகையால் இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. முப்பதாயிரம் என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. அதைப் போடுமுன் எங்கே பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வோம், வாருங்கள்.

அது என்ன செய்கிறது?

கம்ப்யூட்டரில் 'பிராசஸர்' என்று ஒன்று உண்டு. அது தேர்ந்த சமையற்காரர் மாதிரி. எந்தப் பலகாரம் சொன்னாலும் செய்வார். ஆனால் அவருக்கு இருப்பவை சில கைகளே. பௌர்ணமி கிரிவலத்தன்று 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறவர்களுக்கு அன்னதானம் செய்ய வேண்டுமானால் அவர் ஒருவர் போதுமா? காய் நறுக்கவும் இலை போடவும் ஆயிரம் பேர் வேண்டும். ஒவ்வொருவர் வேலையும் சுலபம்; ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அந்த ஆயிரம் பேர்!

சாதாரண 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டு ஒன்று நொடிக்கு 60 படம் காட்டினால், நொடி ஒன்றுக்கு 12 கோடிக்கு மேல் புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். இந்தக் கூட்டு வேலைக்கென்று பிறந்ததுதான் கார்டு. பிற்பாடு வீடியோ வெட்டி ஒட்டவும், செயற்கை அறிவுப் பாடம் கற்கவும் அதே கைகள் உதவும் என்று கண்டுகொண்டார்கள்.

மூன்று கட்சிகள்

கார்டு உலகில் மூன்று கட்சிகள் உண்டு. விளம்பர வர்ணத்தை வைத்துப் பையன்கள் அவற்றைப் பச்சை, சிவப்பு, நீலம் என்பார்கள்.

பச்சைக் கட்சி என்விடியா. 1993-ல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகௌஸ்கி, கர்டிஸ் பிரீம் என்ற மூவர் அமெரிக்காவில் ஸான் ஹோஸே நகரத்து ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து பேசித் திட்டமிட்ட கம்பெனி இது. 1999-ல் 'ஜிபோர்ஸ் 256' என்ற சில்லை வெளியிட்டு, உலகின் முதல் 'ஜி.பி.யு.' இதுவே என்று தமுக்கடித்தது.

சிவப்புக் கட்சி ஏ.எம்.டி. 1969-ல் தொடங்கிய பிராசஸர் கம்பெனி. 1985-ல் கனடாவில் பிறந்த ஏ.டி.ஐ. என்ற கார்டுக் கம்பெனியை 2006-ல் 540 கோடி டாலருக்கு வாங்கி, 'ரேடியான்' என்ற பெயரோடு களத்தில் நிற்கிறது.

நீலக் கட்சி இன்டெல். பிராசஸரில் பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனி. ஆனால் 'ஆர்க்' என்ற பெயரில் தனிக் கார்டு விற்க வந்தது 2022-ல்தான்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பச்சைக்குத் தலைவரான ஜென்சன் ஹுவாங்கும், சிவப்புக்குத் தலைவியான லிசா சூவும் தைவானில் பிறந்தவர்கள்; தூரத்து உறவும் கூட. அது மட்டுமா? மூன்று கம்பெனிகளும் 2025-ஐ ஒட்டி விற்ற இந்த ரகக் கார்டுகளின் சில்லுகளைச் செய்து கொடுத்தது தைவானின் டி.எஸ்.எம்.சி. என்ற ஒரே தொழிற்சாலைதான். மூன்று கடை, ஒரே அடுப்பு! ஆகவே, "நான் பச்சைக் கட்சி", "நான் சிவப்புக் கட்சி" என்று பிள்ளைகள் சண்டை போடுவதில் அர்த்தம் அதிகம் இல்லை.

இன்னொன்று. சில்லைச் செய்விக்கும் கம்பெனி வேறு, அதைக் கார்டாக்கி விற்கும் கம்பெனி பெரும்பாலும் வேறு. ஆசுஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், ஜோடாக், சபயர் என்று பெட்டியில் பார்க்கிறீர்களே, அவர்கள் சில்லை வாங்கி, விசிறியும் தகடும் பொருத்தி விற்கிறவர்கள். ஒரே சில்லு, ஒரே மெமரி. இரண்டு விசிறி உள்ள கார்டு ஒரு விலை, மூன்று விசிறியும் ஏழு வர்ண விளக்கும் உள்ளது இன்னொரு விலை. சத்தமும் சூடும் சற்றுக் குறையலாம். வேகத்தில் பெரிய வித்தியாசம் இராது. கொம்பு வர்ணம் என்று முதலில் சொன்னோமே, அது இதுதான்.

விலைச் சீட்டு

2025 நடுவில் போட்டி போட்ட கார்டுகளை எடுத்துக்கொள்வோம். வெளியீட்டின்போது அமெரிக்காவில் சொன்ன விலைகள் இவை.

என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060, 8 ஜி.பி. மெமரி: 299 டாலர்.

ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி., 8 ஜி.பி.: 299 டாலர், அதுவே 16 ஜி.பி. ஆனால் 349 டாலர்.

இன்டெல் ஆர்க் பி 580, 12 ஜி.பி.: 249 டாலர். இது 2024 டிசம்பரில் வந்தது.

இதை நம் காசுக்கு மாற்றுங்கள். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்து, அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டால் நீலம் 25,000, பச்சை 30,000, 16 ஜி.பி. சிவப்பு 35,000 ரூபாய் சுமாருக்கு வரும். அமெரிக்க விலையில் அந்த ஊர் விற்பனை வரி சேராது. நம் ஊர்ச் சீட்டில் வரி சேர்ந்தே இருக்கும். "அமெரிக்காவில் மலிவு, இங்கே கொள்ளை" என்று பிள்ளைகள் புலம்புவதில் பாதிக்கு இந்த வரிதான் காரணம். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் 299 டாலர் கார்டு 353 ரூபாய் ஏறும். 2025 கடைசியில் ரூபாயும் சரிந்தது, உலகச் சந்தையில் மெமரி விலையும் ஏறியது. ஆகவே மேலே சொன்ன தொகைகளைத் தராசாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் விலை இதைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்க அது உதவும்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி.யில் முறையாகப் பதிந்து, காம்பொசிஷன் திட்டத்தில் சேராதவர்கள், தொழிலுக்காக வாங்கும் கார்டுக்குத் தங்கள் பதிவு எண் போட்ட பில் வாங்கினால், கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ளலாம். 35,000 ரூபாய்க் கார்டில் அது 5,300 ரூபாய்க்கு மேல். "பில் வேண்டாம் ஸார், ஆயிரம் குறைத்துத் தருகிறேன்" என்கிறவரிடம் வாங்கினால் யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல் பார்க்கும் இடம்

மாட்டுக்குப் பல் என்றால் கார்டுக்கு மெமரி. மேலே சொன்ன விலையை மெமரியால் வகுத்துப் பாருங்கள். 5060-ல் ஒரு ஜி.பி. 37 டாலர், 16 ஜி.பி. சிவப்பில் 22 டாலர். நீலத்தில் 21 டாலர். மெமரி போதாவிட்டால் ஆயிரம் வேலைக்காரர் இருந்தும், காய்கறி வைக்க இடமில்லாமல் கை கட்டி நிற்க வேண்டியதுதான். புதிய விளையாட்டுகள் சிலவற்றை உயர்ந்த தரத்தில் ஓட்டினால் 8 ஜி.பி. கார்டுகள் திணறுகின்றன. ஏறக்குறைய 5,000 ரூபாய் கூடக் கொடுத்து 16 ஜி.பி. வாங்கினால் கார்டு அதிக நாள் உழைக்கும். 30,000 ரூபாய்க் கார்டு மூன்று வருஷம் உழைத்தால் வருஷத்துக்குப் பத்தாயிரம். 35,000 ரூபாய்க் கார்டு ஐந்து வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு ஏழாயிரம். எது மலிவு?

மெமரி என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் கதை உண்டு. 2014-ல் என்விடியா விற்ற ஜி.டி.எக்ஸ். 970 கார்டில் 4 ஜி.பி. மெமரி என்று போட்டிருந்தது. அதில் கடைசி அரை ஜி.பி. மற்றதைவிட மிகவும் மெதுவானது என்பது 2015-ல் வெளியாயிற்று. வழக்குப் போட்டார்கள். 2016-ல் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

பெயரிலும் சூது உண்டு. ஆர்.டி.எக்ஸ். 3050 என்று 2022-ல் வந்தது 8 ஜி.பி. கார்டு. 2024-ல் அதே 3050 என்ற பெயரில் 6 ஜி.பி. கார்டு ஒன்று வந்தது. மெமரி மட்டும் குறையவில்லை. உள்ளே வேலைக்காரர்களும் 2,560-லிருந்து 2,304 ஆகக் குறைந்துவிட்டார்கள். ஒரு பெயர், இரண்டு மாடு!

வேலைக்காரர் எண்ணிக்கையையும் கட்சி விட்டுக் கட்சி ஒப்பிடக் கூடாது. 5060-ல் 3,840, 9060 எக்ஸ்.டி.யில் 2,048. அதனால் பச்சை இரண்டு மடங்கு வேகம் என்று எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் 'ஒரு ஆள்' என்று எண்ணும் முறையே வேறு.

தரகர் பேச்சு

2025 ஜனவரியில் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-ன் வேகத்தைத் தரும் என்றார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். விஷயம் என்னவென்றால், புதிய கார்டு உண்மையில் வரைகிற ஒவ்வொரு படத்துக்கும் இடையே மூன்று படம் வரை ஊகித்துச் செருகுகிறது. பார்க்க வழுவழுப்பாக இருக்கும்; ஆனால் பொத்தானை அமுக்கியதும் அசையும் சுறுசுறுப்பு அதனால் கூடிவிடாது. மற்ற இரு கட்சிகளிடமும் இப்படிப்பட்ட செருகு வித்தை உண்டு. ஆகையால் ஒப்பிடும்போது, செருகாத படம் நொடிக்கு எத்தனை என்று மட்டும் பாருங்கள். விலையை அந்த எண்ணால் வகுங்கள். உதாரணத்துக்கு, 30,000 ரூபாய்க் கார்டு 75 படம் தந்தால் படத்துக்கு 400 ரூபாய். 35,000 ரூபாய்க் கார்டு 100 படம் தந்தால் 350 ரூபாய். விலை கூடிய கார்டே மலிவாகிவிடவில்லையா?

உழவுக்கா, வண்டிக்கா?

உழவு மாடும் வண்டி மாடும் ஒன்றல்ல. முதல் கேள்வி, வேலை என்ன என்பதே.

தட்டெழுத்து, கணக்கு, இணையப் பாடம், சினிமா: இவற்றுக்குக் கார்டே வேண்டாம். அநேக பிராசஸர்களுக்குள்ளேயே போதுமான கிராபிக்ஸ் இருக்கிறது. இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் மட்டும் அது இராது. முப்பதாயிரம் மிச்சம்!

கல்யாண வீடியோ: இப்போதைய நல்ல காமிராக்கள் '4:2:2' என்ற உயர்ந்த வகையில் படம் பிடிக்கின்றன. அதைத் தடங்கல் இல்லாமல் ஓட்டும் வசதி இன்டெல்லிடம் வெகு நாளாக உண்டு. என்விடியாவில் 2025-ன் 50 வரிசையில் வந்தது. இந்த வகையில் எடுப்பவருக்குப் பச்சையும் நீலமும் ஏற்றவை. சிவப்பு வாங்குமுன், உங்கள் காமிராவில் எடுத்த படத்தை அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

செயற்கை அறிவுப் படிப்பு: இங்கே பச்சையின் கை ஓங்கியிருக்கிறது. 2006-ல் 'கூடா' என்ற மென்பொருள் மேடையை என்விடியா அறிவித்தது. பாடங்களும் கருவிகளும் பெரும்பாலும் அதை நம்பியே எழுதப்பட்டுவிட்டன. கூடக் கொடுக்கும் காசு இந்தப் பழக்கத்துக்கான விலை. 16 ஜி.பி. உள்ள 5060 டி.ஐ. 429 டாலருக்கு வந்தது. நம் கணக்கில் 43,000 ரூபாய். ஆனால் ஆரம்பப் பாடத்துக்கு அவ்வளவு வேண்டாம். கூகிளின் 'கோலாப்' இணையத்தில் ஒரு வரையறைக்குள் இலவசமாகவே கார்டை உபயோகிக்கத் தருகிறது. பையன் ஆறு மாதம் அதில் விடாமல் உழைக்கட்டும். அப்புறம் சங்கிலியைப் பற்றி யோசிக்கலாம்.

விளையாட்டு: 2025 விலைகளில் 16 ஜி.பி. சிவப்பு நீண்ட நாள் கணக்குக்கு நல்லது. கையில் 25,000-தான் என்றால் நீலம் கெட்டிக்காரக் கார்டு. ஆனால் புதிய கம்ப்யூட்டரில்தான்! பழைய பிராசஸரோடு சேர்த்தால் நீலம் சண்டித்தனம் செய்யும். 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அதன் வேகம் வெகுவாக விழுந்துவிடும். மலிவு மாடு, நுகத்தில் கட்டியதும் படுத்துக்கொண்ட கதைதான்.

சீட்டில் இல்லாத செலவு

5060-க்கு 145 வாட் மின்சாரம் போதும். பி 580-க்கு 190 வாட். தினம் ஐந்து மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓட்டினாலும் வித்தியாசம் 67 யூனிட் சொச்சந்தான். பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியைப் பற்றி. கார்டுப் பெட்டியில் இத்தனை வாட் சப்ளை வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது போதாவிட்டால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும், யு.பி.எஸ்.ஸும் சிறியதாகிவிடலாம். அந்தச் செலவைக் கார்டு விலையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது கியாரண்டி. பல கார்டுகளுக்கு மூன்று வருஷம் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று போய் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும், ஆனால் பழுதானால் மறுபடியும் 190 கிலோமீட்டர் யார் போய் வருவது? நம் ஊர்க் கடைக்காரர் தாமே அனுப்பி மாற்றித் தருவேன் என்றால் அந்த ஆயிரம் அவருக்குச் சேர வேண்டியதுதான். சிங்கப்பூர் மாமா வாங்கி வரும் கார்டு மலிவாக இருக்கலாம். அதன் கியாரண்டி இங்கே செல்லுமா என்று மாமா விமானம் ஏறுமுன் கேட்டுவிடுங்கள்.

பழைய கார்டு? 2021-ல் 'எதீரியம்' என்ற இணையக் காசைத் தோண்டுவதற்காக உலகெங்கும் கார்டுகளை வாரிக் கொண்டு போனார்கள். விலை விஷமாக ஏறிற்று. 2022 செப்டம்பரில் அந்தக் காசு முறையை மாற்றிக்கொள்ள, இரவும் பகலும் உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. பழைய சில்லுக்குப் புதிய பெயர் ஒட்டி விற்கும் எத்தர்களும் உண்டு. ஆகையால் பழையதை வாங்கினால் பணம் கொடுக்குமுன் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பது போலத்தான்.

அப்பாவுக்கு நாலு கேள்வி

பிள்ளை மறுபடியும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தால், நீங்கள் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. நாலு கேள்வி கேளுங்கள். "என்ன வேலைக்கு? மெமரி எத்தனை? நம் கம்ப்யூட்டரும் பவர் சப்ளையும் அதைத் தாங்குமா? கெட்டுப்போனால் யார் பொறுப்பு?" இந்த நாலுக்கும் பதில் எழுதிக் காட்டினால் பையன் விவரமாகத்தான் கேட்கிறான் என்று அர்த்தம், தாராளமாக வாங்கிக் கொடுங்கள். பச்சையா, சிவப்பா, நீலமா என்பது அந்தப் பதில்களிலிருந்து தானாகவே விளங்கிவிடும். பதில் வராவிட்டால் சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

வாங்கிவிட்டீர்களா? சந்தோஷம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். எங்கே வைப்பது என்கிறீர்களா? வீட்டில் இன்னொரு கார்டு இருக்கிறதே, அதை வைத்திருக்கும் பெட்டியில்தான். ரேஷன் கார்டை எந்த வீட்டிலும் தொலைத்துவிடுவதில்லை அல்லவா?